ஓரகத்திகளின் ஹஜ்

மக்காவில் கஷாஷிய்யா மேட்டில் இருந்த அந்த உயரமான கல்வீட்டுக்குப் படிக்கட்டு ஒன்றுதான். கீழ்த்தளத்தில் அண்ணன் ஜமீலும் அவர் மனைவி பத்ரியாவும். மேல்தளத்தில் தம்பி ஸிராஜும் அவர் மனைவி வஃபியாவும். நடுவில் இருந்த அறைகளெல்லாம் ஹஜ்ஜுக்கு வரும் ஜாவாக்காரர்களுக்கு; அவர்களைத் தங்கவைத்து வழிகாட்டுவதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில். படியில் ஒருத்தி ஏறும் அரவம் கேட்டால் மற்றவள் தன் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அரவம் அடங்கிய பிறகுதான் வெளியே வருவாள்.

ஹஜ் காலத்தில் வீடு நிறைந்த கூட்டத்துக்குச் சோறு வடிக்க இருவரும் ஒரே அடுப்பங்கரையில் நிற்க வேண்டி வரும். அப்போதும் பேச்சு கிடையாது. “உப்புப் போட்டாச்சான்னு கேளு” என்று வஃபியா வேலைக்காரியிடம் சொல்வாள். பத்ரியா கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே, “போட்டாச்சுன்னு சொல்லு” என்பாள். வேலைக்காரி இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அரிசியைக் களைவாள்.

வஃபியா கஃபாப் பள்ளியின் பாபுஸ்ஸலாம் வாசலில் கிதாபுகளுக்கு அட்டை கட்டியவரின் மகள். பதினாறு வயதில் இந்த வீட்டுக்கு வாழ வந்தாள். வந்த புதிதில் அவளுக்கு எல்லாமே பத்ரியாதான். ஜாவாக்காரர்களின் பேச்சைக் கற்றுக்கொடுத்தது, அவர்கள் நாக்குக்கு ஒத்துப்போகும்படி காரம் கூட்டிச் சமைக்கப் பழக்கியது, மாமியாரின் வாயிலிருந்து காப்பாற்றியது எல்லாம் அவள்தான். வஃபியா அவளை வாய்நிறைய ‘அக்கா’ என்பாள். மகன் அனஸ் பிறந்தபோது அவனை முதலில் கையில் வாங்கியதும் பத்ரியாதான். அவள் மகள் ஸுஹைலா அவனைவிட ஒரு வயது மூத்தவள். இரண்டும் ஒரே பாயில் உருண்டு வளர்ந்தன.

அனஸுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது அந்த மழை வந்தது. மக்காவில் மழை என்றால் வானத்திலிருந்து விழுவது கொஞ்சம்தான். சுற்றியுள்ள மொட்டை மலைகளிலிருந்து இறங்கி வருவதுதான் ஆளை அடித்துக்கொண்டு போகும். அன்று பத்ரியா பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பும் வழியில் வெள்ளம் தெருவுக்குள் புகுந்துவிட்டது.

வஃபியா படியிறங்கி ஓடினாள். ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கும் நடுவே அப்போது கடைத்தெரு. ஹாஜிகள் ஓடும் அதே தெருவில்தான் துணிக்கடையும் மளிகைக்கடையும் இருந்தன. அன்று அங்கே இடுப்பளவு செம்மண் தண்ணீர். கூடைகளும் துணிச் சுருள்களும் செத்த ஆடுகளும் மிதந்து போயின. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பத்ரியாவும் ஸுஹைலாவும் ஒரு கடைத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அனஸ் இல்லை. மறுநாள் மிஸ்ஃபலாவில், ஊர்த் தண்ணீரெல்லாம் போய் வடியும் பள்ளத்தில், அவனை எடுத்தார்கள்.

‘கை வழுக்கிடுச்சாம்’ என்று ஊர் சொன்னது. பத்ரியா எதுவும் சொல்லவில்லை. வஃபியா எதுவும் கேட்கவில்லை. அன்று நின்ற பேச்சு நின்றதுதான். அதற்குப் பிறகு வஃபியாவுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

ஜாவாவிலிருந்து வரும் பெண்களுக்கு ஹஜ்ஜின் முறைகளைச் சொல்லிக்கொடுப்பது அவள் பொறுப்பு. அதைச் செம்மையாகச் செய்வாள். ஹஜ்ஜுக்கான விரத நிலையான இஹ்ராமைக் கட்டிவிட்டால் ஒரு செடியின் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது, தலைப்பேனைக்கூட நசுக்கக் கூடாது, யாரோடும் வாய்ச்சண்டை கூடாது என்பாள். ஆண்கள் கட்டும் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிக்கும் இறந்தவருக்குச் சுற்றும் கஃபன் துணிக்கும் வேறுபாடு கிடையாது, மவுத்தானவர்கள் போல நாமும் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பாள். பெண்கள் கண் கலங்குவார்கள். ஆனால் ஹாஜரா அம்மாவின் கதை வந்தால் மட்டும், ‘பிள்ளை தாகத்தில் துடித்தது, தாய் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஓடினார், தண்ணீர் வந்தது’ என்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

இத்தனை பேருக்கு வழி சொன்னவள் தான் ஒரு தடவைகூட ஹஜ் செய்ததில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். கஃபாவைச் சுற்றுவாள், தொழுவாள். ஹஜ் என்று வந்தால் கடைசியில் ஸஃபா மர்வா தெருவில் ஏழு தடவை நடந்தாக வேண்டும். அந்தத் தெருவில் அவள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. கஃபா இருக்கும் ஹரத்துக்குப் போவதென்றால்கூட வேறு வாசலாகச் சுற்றிக்கொண்டு போவாள். “இந்த வருஷமாவது வாயேன்” என்று ஸிராஜ் சொல்லிப் பார்த்தார். “வந்தவங்களை யார் பாத்துக்கறது?” என்பாள். பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

உலகப் போர் முடிந்து ஜாவாக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்தன. அந்த வருடக் கூட்டத்தில் பாலெம்பாங் ஊரிலிருந்து ஸவ்தா என்ற அம்மாள் வந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான உடம்பு. புருஷனோடு கப்பலேறியவர், ஜித்தாவில் தனியாக இறங்கினார். புருஷன் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட, அவர் இஹ்ராமுக்கென்று கொண்டுவந்த துணியிலேயே சுற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள்.

எல்லாரும் மினாவுக்குப் புறப்படும் அன்று ஸவ்தாவுக்குக் கடுமையான காய்ச்சல். லாரிகள் வாசலில் உறுமிக்கொண்டிருந்தன. ஸிராஜ் வந்து பார்த்தார். “இவங்களை இப்ப அசைக்க முடியாது. காய்ச்சல் இறங்கட்டும். நாளைக்குக் காலையில லாரி அனுப்பறேன், நேரா அரஃபாவுக்கே கொண்டு வந்துடலாம்” என்றார். வீட்டு ஆண்கள், வேலைக்காரர்கள், சமையல்காரர்கள் என்று எல்லாரும் ஹாஜிகளோடு போய்விட்டார்கள்.

மறுநாள் அரஃபா நாள், ஹாஜிகளெல்லாம் அரஃபாச் சமவெளியில் கூடி நிற்கும் நாள். அன்று மக்காவில் ஆண்வாடையே இருக்காது. தெருவில் நடப்பதும், ஹரத்தில் சுற்றுவதும், கடைத் திண்டில் உட்கார்ந்து கதை பேசுவதும் எல்லாம் பெண்கள்தான். காலையில் வஃபியா பார்லிக் கஞ்சியோடு அறைக்குள் போனபோது ஸவ்தா எழுந்து, மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு, கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

“லாரி வந்துடுச்சாம்மா?”

“இன்னும் இல்லை ஹாஜியம்மா. முதல்ல கஞ்சியைக் குடிங்க.”

குடித்தார். வெயில் ஏறியது. லாரி வரவில்லை. லாரிகள் போகும் சுற்றுப்பாதையில் அச்சு முறிந்து அது சாய்ந்து கிடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஸவ்தா ஜன்னலையும் வஃபியாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீதானேம்மா சொன்னே, ஹஜ்ஜுன்னா அரஃபாதான், அங்க நிக்காம போனா மத்தது எதுவும் சேராதுன்னு. என் புருஷனை வழியில விட்டேன். நான் இந்த வாசல்படியில நின்னுபோனா அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்? நடந்தாவது போறேன். வழியை மட்டும் காட்டு.”

“நாலு எட்டு வெச்சா விழுந்துடுவீங்க.”

“விழுந்தா அந்தப் பக்கமாப் பாத்து விழறேன்.”

அப்போது கீழே கழுதை கத்தியது. பத்ரியா தண்ணீர் கொண்டுவர வைத்திருந்த கழுதை. வஃபியா, வேறு வழி இருக்கிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள். பெண்களும் குழந்தைகளும்தான். படியிறங்கிப் போய்ப் பத்ரியாவின் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்தது. பத்ரியாவின் தலை நரைத்திருந்ததை வஃபியா அன்றுதான் கவனித்தாள். முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்.

“கழுதை வேணும்.”

“யாருக்கு?” என்றாள் பத்ரியா.

“மேல இருக்கற ஜாவா ஹாஜியம்மாவுக்கு. லாரி வரலை.”

“அது உனக்கு அடங்காது. என் குரலுக்குத்தான் நடக்கும்.”

“அப்ப நீயும் வா.”

மூன்று பெண்களும் ஒரு கழுதையுமாகப் புறப்பட்டார்கள். தோல்பையில் தண்ணீர், ஒரு துணியில் ரொட்டியும் பேரீச்சையும். ஸவ்தாவைக் கழுதைமேல் உட்காரவைத்து, பத்ரியா கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வஃபியா பக்கத்தில் நடந்து, ஸவ்தாவின் முதுகைத் தாங்கிக்கொண்டாள். ஸவ்தாவின் உதடு தல்பியா முழக்கத்தை விடவில்லை. லப்பைக், லப்பைக். குரல் மெலிந்திருந்தாலும் கழுதையின் நடைக்கு ஏற்றபடி விழுந்தது.

ஊரைத் தாண்டியதும் அவர் கேட்டார். “நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?”

“இல்லை” என்றாள் வஃபியா. “ஓரகத்திங்க” என்றாள் பத்ரியா. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம நடக்கறீங்களே. சண்டையா?”

பத்ரியா கழுதையை ஓட்டினாள், ஸவ்தா வஃபியாவின் பக்கம் குனிந்தார்.

“ஹஜ்ல சண்டை கூடாதுன்னு எனக்குப் பாடம் நடத்தினே. உனக்கு அது கிடையாதா?”

“நான் இஹ்ராம்ல இல்லை ஹாஜியம்மா” என்றாள் வஃபியா.

“அதுவும் வசதியாத்தான் போச்சு” என்றாள் பத்ரியா, திரும்பிப் பார்க்காமல். வஃபியாவுக்குச் சுரீரென்றது. ஆனால் பழைய நாளில் மாமியாருக்குப் பின்னால் நின்று பத்ரியா முணுமுணுக்கும் அதே தொனி அது. கோபத்தோடு கூடவே அந்த ஞாபகமும் வந்து தொலைத்தது.

மினாவில் கூடாரங்கள் மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் அரஃபாவுக்குப் போயாயிற்று. ஒரு போலீஸ்காரர் நிழலிலிருந்து எழுந்து வந்து கையை நீட்டி மறித்தார்.

“எங்கே போறீங்க? கூட ஆம்பளை யாரும் இல்லையா?”

“இந்தக் கழுதை ஆம்பளைதான்” என்றாள் பத்ரியா.

“விளையாடாதீங்கம்மா.”

“விளையாடலைப்பா. ஊர்ல இருக்கற ஆம்பளைங்க எல்லாரும் அங்க நின்னு அழுதுட்டு இருக்காங்க. இந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போக ஒருத்தனும் வரலை. நீ வர்றியா? கயித்தைத் தர்றேன்.”

அவர் ஸவ்தாவின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். தன் மண்கூஜாவைக் கொண்டுவந்து நீட்டினார். குளிர்ந்த தண்ணீர். மூவரும் குடித்தார்கள். “எனக்கும் துஆ செய்யுங்க” என்று சொல்லி வழிவிட்டார்.

முஸ்தலிஃபாவையும் கடந்தபோது வெயில் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. மக்காவின் புனித எல்லையைக் காட்டும் வெள்ளைத் தூண்கள் தெரிந்தன. அவற்றைத் தாண்டினால் அரஃபா. தூரத்தில் சமவெளி முழுக்க வெள்ளையாக இருந்தது. கூடாரமா மனிதர்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு இரைச்சல் அங்கிருந்து வந்துகொண்டே இருந்தது.

தூண்களுக்கு முன்னால் பத்ரியா நின்றுவிட்டாள். கயிற்றை வஃபியாவிடம் நீட்டினாள்.

“இனிமே நேர் வழிதான். அது இப்ப உனக்குப் பழகிடுச்சு. போயிடுவே.”

“நீ?”

“நான் வரலை.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு?”

பத்ரியா கயிற்றைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். “வருஷா வருஷம் போயிட்டுத்தான் இருந்தேன். நின்னு அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பயான்ல ஒரு ஆலிம் சொன்னார். தனக்குச் செஞ்சதை அல்லாஹ் மன்னிச்சுடுவான், மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன்தான் மன்னிச்சுப் பொருந்திக்கணும்னு. அதுக்கப்புறம் எனக்குக் கால் வரலை. பொருத்தம் கேக்க வேண்டியவ என் தலைக்கு மேல குடியிருக்கா. அவளைத் தாண்டி இங்க வந்து நின்னு என்ன கேக்கறது?”

“கை வழுக்கிடுச்சுன்னு சொன்னாங்க” என்றாள் வஃபியா.

“வழுக்கலை.”

கழுதை தலையை ஆட்டியது. ஸவ்தாவுக்கு அவர்கள் பேசிய அரபு புரியவில்லை. ஆனாலும் தல்பியாவை நிறுத்திவிட்டுத் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வழுக்கலை வஃபியா. நான்தான் விட்டேன். ரெண்டு கையிலயும் ரெண்டு பேர். தண்ணி காலை வாருது. தூணைப் பிடிக்க ஒரு கை வேணும். யோசிச்சுச் செஞ்சேன்னுகூடச் சொல்ல முடியாது. கை அதுவா விட்டுது. ஆனா என் மகளைப் பிடிச்ச கை விடலை. அவனைப் பிடிச்ச கைதான் விட்டுது.” வலது கையை உயர்த்திக் காட்டினாள். “இது. இந்தக் கையாலதான் தினமும் சாப்பிடறேன்.”

வஃபியா அந்தக் கையைப் பார்த்தாள். இதை அவள் முதல் நாளே அறிந்திருந்தாள். பத்ரியா ஒருநாள் வந்து, ‘வழுக்கிடுச்சு’ என்று சொல்வாள், அப்போது ‘பொய்’ என்று ஊரே கேட்கக் கத்தவேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் உள்ளுக்குள் காத்திருந்தாள். இப்போது உண்மையே வந்து எதிரில் நிற்கிறது. கத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. கழுதையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வெயில் சாயுது. நட” என்றாள்.

“வஃபியா...”

“கேட்டுட்டேன். பதில் அங்க போய்ச் சொல்றேன். நட.”

ஸவ்தா குனிந்து அவள் தோளைத் தொட்டார். “எல்லை தாண்டறதுக்கு முன்னாடி நீயும் நிய்யத்து வெச்சுக்கம்மா. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் ஆளா உள்ள போவியா?”

ஹஜ் செய்கிறேன் என்று நிய்யத்து வைத்துவிட்டால் முடிக்காமல் விட முடியாது. அந்தத் தெருவில் நடந்தே ஆகவேண்டும். வஃபியா ஒரு கணம் நின்றாள். பிறகு, இஹ்ராமில் முகம் மூடக் கூடாது என்பதால், முகத்திரையை எடுத்து மடித்து இடுப்பில் செருகினாள். ஹஜ்ஜை நாடுகிறேன், எனக்கு அதை இலேசாக்கி வை என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, லப்பைக் என்று வாயைத் திறந்தாள். இதோ வந்துவிட்டேன் என்று பொருள். எத்தனையோ பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த வார்த்தை. முதல் தடவை அது அவள் வாயிலிருந்து உடைந்துதான் வந்தது. இரண்டாம் தடவை பத்ரியாவின் குரலும் கூட வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஸிராஜின் கூடாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நேரம் இல்லை. ஒரு முள்மரத்தின் நிழலில் நின்றார்கள். ஸவ்தா இறங்க மறுத்துவிட்டார். கழுதைமேல் உட்கார்ந்தபடியே கஃபா இருக்கும் கிப்லாத் திசையைப் பார்த்துக் கையை ஏந்தினார். சுற்றிலும் ஆப்பிரிக்க ஹவுஸாக்காரர்கள், துருக்கியர்கள், ஹிந்துஸ்தானிகள். பணக்காரர் யார், கூலிக்காரர் யார் என்று துணியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஒருவர் தேம்பினார். ஒருவர் கணக்கப்பிள்ளையைப் போல ஒவ்வொரு பெயராகச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார். மறுமையில் எல்லாரும் இப்படித்தான் ஒரு மைதானத்தில் நிற்போம், அங்கே தாய் பிள்ளையைத் தேடமாட்டாள், அவரவர் பாடு அவரவருக்கு என்று வஃபியாவே பாடம் சொல்லியிருக்கிறாள். தாய் தேடமாட்டாள் என்ற இடம் வரும்போதெல்லாம் அவளுக்கு நம்பிக்கை வராது.

கையை ஏந்தினாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. இத்தனை வருடமும் தொழுகைக்குப் பின் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், ‘நீ பார்த்தாய் அல்லவா, அவள் செய்ததை நீ பார்த்தாய் அல்லவா.’ அதைத் தவிர வேறு துஆ அவளுக்கு மறந்தே போயிருந்தது. பத்ரியா பக்கத்தில் நின்றாள். அவள் கையை ஏந்தவில்லை. இரண்டு கையும் கீழே தொங்கின.

அதைப் பார்த்ததும் வஃபியாவுக்கு என்னவோ ஆயிற்று. மெல்லச் சொன்னாள்.

“நான் அங்க இருந்தா நானும் அனஸைத்தான் பிடிச்சிருப்பேன். ஸுஹைலாவை விட்டிருப்பேன்.”

பத்ரியா அவளைப் பார்த்தாள்.

“பொருந்திக்கிட்டேன்” என்றாள் வஃபியா. “மனசு இன்னும் வரலை. பொய் சொல்ல மாட்டேன், இன்னும் வரலை. வாய் சொல்லுது. மனசு பின்னாடி வரட்டும். நீ கையைத் தூக்கு.”

பத்ரியா உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் குலுங்கினாள். பிறகு கையை ஏந்தினாள். சூரியன் மலைக்குப் பின்னால் போகும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் பெருநாள். மினாவில் ஷைத்தானுக்குக் கல்லெறியும் இடத்தருகே ஸிராஜ் அவர்களைப் பார்த்துவிட்டார். லாரி முறிந்த செய்தி கேட்டதிலிருந்து அலைந்திருப்பார் போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. மனைவியும் அண்ணியும் ஒன்றாக நிற்பதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

“யார் கூட்டிட்டு வந்தது?” என்றார் கடைசியில்.

“கழுதை” என்றாள் வஃபியா.

அவர் அப்போதுதான் மனைவி இஹ்ராமில் இருப்பதைக் கவனித்தார். தலையைத் திருப்பிக்கொண்டு தலைத்துணியால் முகத்தைத் துடைத்தார்.

கல்லெறியும்போது, கண்ணுக்குத் தெரியாத ஷைத்தானைவிட வஃபியாவுக்குத் தன் ‘நீ பார்த்தாய் அல்லவா’தான் எதிரில் நின்றது. ஒவ்வொரு கல்லாக எறிந்தாள். எல்லாம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் இலேசாயிற்று. பத்ரியா அவள் கூந்தல் நுனியை விரல்நுனியளவு கத்தரித்துவிட்டாள். பழைய நாளில் தலை பின்னிவிட்ட அதே விரல்கள். ஊருக்குத் திரும்பி, கஃபாவைச் சுற்றி வந்தார்கள். பிறகு அந்தத் தெரு.

ஸவ்தாவைத் தூக்குகட்டிலில் வைத்துத் தூக்குகாரர்கள் முன்னால் போனார்கள். வஃபியா ஸஃபாவின் படியில் நின்றாள். துணிக்கடை அதே இடத்தில் இருந்தது. அந்தத் தூணும் இருந்தது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. பத்ரியா அவசரப்படுத்தவில்லை, பக்கத்திலேயே நின்றாள்.

நடக்கத் தொடங்கினாள். ஆண்கள் ஓடவேண்டிய இடம் வந்தது. அங்கே பெண்கள் ஓடத் தேவையில்லை, நடந்தால் போதும் என்பது சட்டம். அவளே சொல்லிக்கொடுக்கும் சட்டம். ஆனால் வெள்ளைத் துணி கட்டிய கிழவர்களும் வாலிபர்களும் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. இவர்களெல்லாம் ஒரு தாயின் ஓட்டத்தை ஓடுகிறார்கள். தண்ணீர் கிடைத்த பிறகு ஹாஜரா அம்மா என்ன செய்தார் என்று யாரையும் செய்யச் சொல்லவில்லை. தண்ணீர் கிடைக்காதபோது, இந்தக் குன்றிலும் ஒன்றும் தெரியாமல், அந்தக் குன்றிலும் ஒன்றும் தெரியாமல், பிள்ளைக்காக அலைந்த அலைச்சலைத்தான் இறைவன் எடுத்து வைத்துக்கொண்டான். அதைத்தான் உலகத்தையே அழைத்து, நீங்களும் அலையுங்கள் என்றான். அப்படியானால் அன்று இடுப்பளவுத் தண்ணீரில் இதே தெருவில் அவள் அலைந்தது?

வஃபியாவின் கால் ஓடிற்று. சட்டம் தெரிந்தும் ஓடிற்று. யாரோ ஒருவர், “மெதுவாம்மா” என்றார். அழுதுகொண்டே ஓடினாள். அனஸ் செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. பின்னால் பத்ரியாவின் காலடியும் ஓடி வந்தது. மர்வாவில் ஏழாவது தடவை வந்து நின்றபோது இருவருக்கும் மூச்சு இரைத்தது. தூக்குகட்டிலிலிருந்து ஸவ்தா அவர்களைப் பார்த்து, “கபூலாகட்டும், அல்லாஹ் ஏத்துக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் அந்த மாதமே நல்லபடியாகக் கப்பலேறிப் போனார்.

அதற்கு முன் ஒரு நாள், எல்லாரும் மினாவுக்குத் திரும்பித் தங்கியிருந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்து ஓரகத்திகள் இருவரும் கூடாரத்தின் பின்பக்கம் குர்பானி இறைச்சியைக் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வஃபியா கத்தியைக் கீழே வைத்தாள்.

“அன்னிக்கு உங்க அம்மா வீட்டுல அவன் என்ன சாப்பிட்டான்?”

பத்ரியாவின் கை நின்றது. இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. வஃபியாவுக்கும் தன் மகனின் கடைசிப் பகல்பொழுது தெரியாது. காலையில் செருப்பை மாட்டிவிட்டு அனுப்பியதோடு சரி.

“பேரீச்சையும் வெண்ணெயும். வெண்ணெயை வழிச்சு வழிச்சுத் தின்னான், பேரீச்சையைத் தொடவே இல்லை. எங்கம்மா வீட்டுச் சேவலைத் துரத்திக்கிட்டே இருந்தான். அது திரும்பி இவனைத் துரத்துச்சு. என் முக்காட்டுக்குள்ள வந்து ஒளிஞ்சுக்கிட்டு, ‘பெரியம்மா, அது போயிடுச்சா, போயிடுச்சா’ன்னு கேட்டான்.”

“பயந்தானா?”

“பயமும் சிரிப்பும். அப்புறம் என் மடியில தூங்கிட்டான். கிளம்பறப்ப எங்கம்மா ஒரு தாயிஃப் மாதுளை கொடுத்தாங்க. ‘எங்கம்மாவுக்கு’ன்னு நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். வழியில ஒரு கல்லுமேல உடைச்சு, பாதியை அவனே தின்னுட்டான். மீதியை ஸுஹைலா கேட்டா. தரமாட்டேன்னுட்டான்.”

வஃபியாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. கை முழுக்க உப்பாக இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.

பத்ரியா சொன்னாள். அவன் சட்டையில் விழுந்த கறையைச் சொன்னாள், வழியில் ஒரு ஒட்டகத்தைப் பார்த்து அவன் கேட்ட கேள்விகளைச் சொன்னாள். மழை வருவதற்கு முந்தைய நிமிடம்வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஸிராஜ் தேநீர் கேட்டு இரண்டு தடவை வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.